நாற்பத்து மூன்றாம் பக்கத்துப் படம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். நான்கு வருடங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஏழெட்டு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ரிப்பேர் கடைக்கு ஆள் அனுப்பியும் பார்த்தேன். 'எதுவானாலும் எழுதி அனுப்பச் சொல். எழுத்தில் இருந்தால்தான் பின்னால் மாற்றிப் பேச மாட்டான்' என்று சொல்லி அனுப்பினீர்களாம். அதனால் இந்தக் கடிதம்.

எங்கள் பயிற்சி மையத்தில் எலக்ட்ரானிக்ஸ் முதல் நிலை வகுப்புக்கு நான் எழுதிய 'மின்னணுவியல் முதல் படி' என்ற நூலைத்தான் பாடமாக வைத்திருக்கிறார்கள். இந்தச் செய்தி உங்கள் காதுக்கு எட்டியிருக்கலாம். இங்கு மட்டுமல்ல, மொத்தம் பதினொரு மையங்களில் அதுதான் பாடம். சென்ற மாதம் செய்முறை வகுப்பில் ஒரு சிறு விபத்து நடந்துவிட்டது. நாற்பத்து மூன்றாம் பக்கத்துப் படத்தைப் பார்த்து ஒரு பவர் சப்ளையைப் பொருத்தியபோது மின்தேக்கி ஒன்று வெடித்துவிட்டது. ஒரு மாணவிக்குக் கண்ணில் அடி. மையம் மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்து விசாரிக்கிறது. அந்தப் படம் எப்படித் தயாரானது என்று கேட்கிறார்கள்.

படத்துக்கு மூலம் உங்களுடைய பழைய நோட்டு. 'மேற்படி படம் என்னுடைய குறிப்பேட்டிலிருந்து எடுக்கப்பட்டது' என்று இரண்டே வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவையில்லை. குழு இம்மாதம் இருபத்தைந்தாம் தேதி கூடுகிறது.

உங்கள் உடல்நிலையைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி

ஜூன் 9

தம்பிக்கு,

'நீ' எப்போது 'நீங்கள்' ஆனது? மாமனார் வீட்டுக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய். என் உடல்நிலை மேல் உனக்கு வந்த அக்கறையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன்.

உன் புத்தகம் என் காதுக்கு எட்டவில்லை, கைக்கே வந்தது. போன வருடம் ஸ்பீக்கர் ரிப்பேருக்கு வந்த ஒருவர் அதை என் மேஜை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நின்றபடியே பதினொரு பக்கம் படித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. 'ரெசிஸ்டர் யாரையும் நிறுத்தாது, அவசரத்தை மட்டும் நிறுத்தும். நூறு பேர் இருக்கிற அறைக்கு ஒற்றைக் கதவு வைத்த மாதிரி.' இதை எழுதியது யார்? 'டையோடு ஒரு பக்கம் விடும், மறு பக்கம் விடாது. அதனிடம் கெஞ்சிப் பயனில்லை.' இது? 'சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று கண்டென்சரில் கை வைக்காதே. வாங்கியதை அது இன்னும் வைத்துக்கொண்டிருக்கும்.' நான் கண்டென்சர் என்று எழுதிய இடங்களில் எல்லாம் நீ மின்தேக்கி என்று மாற்றியிருக்கிறாய். அந்தப் புத்தகத்துக்கு நீ பட்ட பாடு அவ்வளவுதான்.

அப்பா உன்னை டிப்ளமா படிக்க அனுப்பினார். என்னைக் கடை மேஜையில் உட்கார வைத்தார். நான் படித்ததெல்லாம் சால்டர் புகையில். அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. கடை மாடியில் சாயங்கால வகுப்புக்கு வந்த பெண்களுக்காக ஆறு வருடம் அந்த நோட்டை எழுதினேன். உன் மையத்தில் எனக்கும் ஒரு வகுப்புக் கிடைக்குமா என்று கேட்டபோது, 'சர்டிபிகேட் இல்லாதவங்களை உள்ளயே விட மாட்டாங்கக்கா, என்னை சங்கடப்படுத்தாதே' என்றாய். அந்த வாரம்தான் நோட்டை ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று எடுத்துக்கொண்டு போனாய். சர்டிபிகேட் இல்லாதவளை உள்ளே விட மாட்டார்கள், அவள் நோட்டை விடுவார்கள் போலிருக்கிறது.

உன் முன்னுரையில் பதினான்கு பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். மையத்தின் தலைவர், அச்சகத்துக்காரர், டைப் அடித்தவர், உன் மனைவி, உன் மாமனார் எல்லோரும் இருக்கிறார்கள். எண்ணித்தான் பார்த்தேன். இப்போது பழி போட ஆள் தேவைப்பட்டதும் பதினைந்தாவதாக என் ஞாபகம் வந்திருக்கிறது.

இவ்வளவு எழுதியவன் அடிபட்ட பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். அவள் யார்? கண் எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது. அந்தப் பக்கத்தையும் நகலெடுத்து அனுப்பு. நான் வரைந்த படத்தில் கண்டென்சர் வெடிக்காது.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் நீ நினைப்பது போல நான் அப்படியே எடுத்துப் போட்டுவிடவில்லை. பாடங்களை வரிசைப்படுத்தினேன். பயிற்சிக் கேள்விகள் நூற்று இருபது எழுதினேன். கலைச்சொற்களைச் சரி செய்தேன். உன் பெயரைப் போட வேண்டும் என்று நினைத்தேன். நோட்டைத் திருப்பித் தரவில்லை என்று 'இனிமேல் கடை வாசலை மிதிக்காதே' என்று நீதான் சொன்னாய். எந்த முகத்தோடு வந்து கேட்பது?

பக்கத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். வீட்டில் தையல் வேலை செய்கிறவர். வயது முப்பத்து நான்கு. இரண்டு குழந்தைகள். தையல் மெஷினின் மோட்டார் போர்டைத் தானே ரிப்பேர் செய்யக் கற்றுக்கொண்டால் வெளி வேலையும் எடுக்கலாம் என்று சேர்ந்தார். நன்றாகப் படிக்கிறவர். இடது கண். பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை எழுதக் கை வராமல்தான் முதல் கடிதத்தில் ஒரு வரியோடு விட்டேன்.

இன்னொரு விஷயம். குழு அவரை விசாரித்தபோது, மின்தேக்கியின் கம்பிக் கால்களைத் தானே மாற்றி மாட்டியிருக்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். எழுதியும் கொடுத்துவிட்டார். அதனால் படத்தைப் பற்றிய பேச்சு பெரிதாக எழாது என்று தலைவர் நினைக்கிறார். உன் கடிதம் தேவைப்படாமலேகூடப் போகலாம். எப்படியோ நல்லபடியாக முடிந்தால் சரி.

தம்பி

ஜூன் 19

நல்லபடியாக முடிந்தால் சரியா? வாய் கூசவில்லையா உனக்கு?

பக்கம் வந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. உனக்குப் புரியாமல் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன், உன் ஃபைலில் இருக்கட்டும். என் நோட்டில் கண்டென்சரை அதன் டப்பா மாதிரியே வரைவேன். ஓர் ஓரத்தை மட்டும் கறுப்பாக அடிப்பேன். கடையில் வாங்குகிற உருளை டப்பாவில் பட்டை இருக்கிற பக்கம் மைனஸ் கால். படத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோல் தெரிய வேண்டும் என்று, குறிகள் தெரியாத பெண்களுக்காக நானாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. உன் புத்தகத்தில் டப்பாவை வெறும் குறியாக மாற்றி, என் கறுப்பைப் பிளஸ் என்று எடுத்துக்கொண்டு, பிளஸ் குறியையும் அங்கே போட்டிருக்கிறாய். ஆக, உன் படத்தைப் பார்த்து யார் மாட்டினாலும் கண்டென்சர் தலைகீழாகத்தான் உட்காரும்.

நேற்று உன் பக்கத்தைப் பார்த்து ஒன்று பொருத்தினேன். பன்னிரண்டு வோல்ட் டிரான்ஸ்பார்மர், நான்கு டையோடு, இருபத்தைந்து வோல்ட் கண்டென்சர், எல்லாம் நீ சொன்னபடி. இரும்பு வாளியைக் கவிழ்த்து மூடிவிட்டு சுவிட்சைப் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் கொடுமை. சரியாகத்தான் மாட்டினோமா, ஏன் விளக்கு மங்கலாக இருக்கிறது என்று ஒருத்தி குனிந்து பார்க்கிற நேரம் அது. அப்புறம் வாளிக்குள் வெடித்தது. பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்.

அவள் எதையும் மாற்றி மாட்டவில்லை. நீ சொன்னபடி மாட்டினாள். கண்ணையும் பறித்துக்கொண்டு, தப்பு என்னுடையதுதான் என்று அவள் கையாலேயே எழுதியும் வாங்கியிருக்கிறீர்கள்.

இரண்டு காரியம் செய். குழுவுக்கு உண்மையை எழுது. பதினொரு மையத்திலும் அந்தப் புத்தகத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல். இந்த நிமிடம் எந்த ஊரில் எவள் அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாளோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். கறுப்புப் பட்டை மைனஸ் என்று நோட்டின் முதல் தாளிலேயே எழுதியிருந்தேன். நீ அதைப் படித்தாயா, இல்லையா?

ஜூன் 27

அக்கா,

படித்தேன். நோட்டை எடுத்துவந்த அன்றே படித்தேன். அப்புறம் மறந்துபோனேன்.

நடந்ததைச் சொல்கிறேன். படங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்தவர் அச்சகத்திலிருந்து போன் செய்தார். 'சார், இந்த கறுப்பு கோடு பிளஸ்ஸா மைனஸ்ஸா? உங்க நோட்டுல குறியே போடலையே' என்றார். நோட்டு அவரிடம் இருந்தது. எங்கள் லேபில் நாங்கள் அதிகம் பயன்படுத்துவது சின்ன மஞ்சள் கட்டை மாதிரி இருக்கிற டான்டலம் வகை. அதில் கோடு போட்டிருக்கிற பக்கம் பிளஸ். நாலு வருடமாக அதையே சொல்லிப் பழகிய வாய், 'பிளஸ்' என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு மனதில் ஒரு நெருடல் இருந்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும் என்று போனைக் கையில் எடுத்தேன். எண்ணைக்கூட அழுத்திவிட்டேன். 'எதுக்குடா கேக்குற?' என்று நீ கேட்பாயே. உன் நோட்டை அச்சடிக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்குமே. வைத்துவிட்டேன். அச்சகத்துக்காரர் கேட்டது ஒரு தடவை. நான் சொன்னது ஒரு வார்த்தை.

அந்தப் போனை நான் செய்திருந்தால் அந்த அம்மா இன்று இரண்டு கண்ணோடு தைத்துக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? தினமும் அவர் உட்கார்ந்த மேஜையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன்.

ஆனால் அக்கா, என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த வருடம்தான் ஆர்டர் வர வேண்டும். நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று எழுதினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேறு மையத்திலும் சேர்க்க மாட்டார்கள். நீ வெளியாள். படம் நான் போட்டது, அதில் தப்பு நேர்ந்துவிட்டது என்று நீ எழுதினால் உன்னை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. உனக்குப் போவதற்கு வேலையும் இல்லை. அடுத்த பதிப்பில் அட்டையிலேயே உன் பெயரைப் போடுகிறேன், என் பெயருக்கு மேலே. சத்தியமாகச் சொல்கிறேன். குழுவின் கடைசிக் கூட்டம் அடுத்த மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது. யோசித்து எழுது.

ஜூலை 4

தம்பிக்கு,

முந்தாநாள் உன் ஊருக்கு வந்திருந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. மையத்துக் காவலாளியிடம் விலாசம் வாங்கிக்கொண்டு அந்தத் தையல்காரி வீட்டுக்குப் போனேன்.

ஒற்றை அறை. ஜன்னல் ஓரம் மெஷின். நான் போனபோது ஊசியில் நூல் கோர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் ஒன்றாகிவிட்டால் தூரம் பிடிபடாது போலிருக்கிறது, நூல் ஊசிக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. நாலு தடவை பார்த்தாள். நான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். ரிப்பேர் கடைக்காரி, உன் அக்கா என்று சொன்னதும் எழுந்து நின்றாள். உன் மேல் அவ்வளவு மரியாதை.

'நான்தான் மாத்தி மாட்டிட்டேன் போலிருக்குக்கா' என்றாள். 'முதல்ல சரியா மாட்டுனேன்னுதான் சொன்னேன். நல்லா யோசிச்சுப் பாரும்மான்னு மூணு தடவை கேட்டாங்க. மூணாவது தடவை எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.'

சுவரோரம் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் தலையைத் தூக்காமலே பேசினான். 'ஒழுங்கா தைச்சிக்கிட்டு இருந்தா இதெல்லாம் வருமா? தனக்கு வராத வேலைல எதுக்கு கைய வைக்கணும்? நான் சொன்னா யார் கேக்குறா.'

அவளிடம் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னேன். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒவ்வொரு பாகத்தையும் மாட்டியதும் பென்சிலால் டிக் போட்டிருக்கிறாள். கண்டென்சர் பக்கத்தில் இரண்டு டிக். ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்திருக்கிறாள், தம்பி.

நீ எழுத மாட்டாய் என்று அங்கேயே முடிவு செய்தேன். குழுவுக்கும் பதினொரு மையங்களுக்கும் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன், நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். படம் என் நோட்டிலிருந்து எடுத்தது, அது தப்பு, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள், அந்த மாணவி படத்தில் இருந்தபடியே சரியாக மாட்டினாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகலை அவள் புருஷனிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தான். 'அப்ப இவ மேல தப்பு இல்லையா?' என்று என்னைக் கேட்டான். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு அது போதும்.

உன்னைக் காப்பாற்றினேன் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்காதே. தப்பு உன்னுடையது என்று நான் எழுதினால், நீ இல்லை என்பாய். நோட்டு உன்னிடம். அக்காவுக்கும் தம்பிக்கும் சண்டை என்று குழு மூன்று மாதம் இழுக்கும். அதுவரை புத்தகம் மேஜை மேலேயே கிடக்கும். என்னுடையது என்று எழுதினால் ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள். அதற்காகத்தான் எழுதினேன்.

அட்டையில் பெயரெல்லாம் வேண்டாம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இருபத்தைந்தாம் தேதி அந்த மூன்று பேர் முன்னால் நிற்கும்போது, நோட்டில் சரியாக இருந்தது, நான்தான் மாற்றினேன் என்று வாயைத் திறந்து சொல். உன் வேலை போனால் கடையில் உன் மேஜை காலியாகத்தான் இருக்கிறது. வாசலை மிதிக்காதே என்று சொன்ன வாயாலேயே சொல்கிறேன், வா.

அக்கா

ஆகஸ்ட் 21

அக்கா,

ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

விசாரணை முடிந்தது. உன் கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். பழைய புத்தகத்தை எல்லா மையங்களிலிருந்தும் திரும்ப வாங்கிவிட்டார்கள். அந்த அம்மாவின் மேல் தவறில்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். என் ஆர்டரும் வந்துவிட்டது.

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். வாய் வரை வந்தது. தலைவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, 'படிக்காதவங்க நோட்டை நம்பினது மட்டும்தான் உங்க தப்பு, இனிமே ஜாக்கிரதையா இருங்க' என்றார். நான் தலையை ஆட்டினேன். இதை உனக்கு எழுதாமல் மறைத்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

இன்னொன்றும் உண்டு. நோட்டை ஆதாரமாகக் கேட்டார்கள். கொடுத்தேன். கொடுப்பதற்கு முன்னால், கறுப்புப் பட்டைக் குறிப்பு இருந்த முதல் தாளைப் பிரித்து எடுத்துவிட்டேன். பழைய நோட்டு, தாள் கழன்று போயிருக்கிறது என்று சொன்னேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட மனசு வரவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். நீ என்ன செய்தாலும் சரி.

திருத்திய பதிப்பு வந்துவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். படங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். உன் பெயரைப் போடக் கேட்டேன். தப்பை ஒப்புக்கொண்டவர் பெயரைப் போட முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

ஒரு முறை வீட்டுக்கு வந்துவிட்டுப் போ. பெண்கள் இரண்டு பேரும் அத்தை எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.

தம்பி

செப்டம்பர் 2

புத்தகமும் தாளும் வந்தன.

தாளை எங்கும் அனுப்பப் போவதில்லை. உன் மேல் இருக்கிற பாசத்தால் என்று நினைத்துக்கொள்ளாதே. அனுப்பினால் மறுபடி விசாரணை என்பார்கள். அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்து, நன்றாக யோசித்துப் பாரும்மா என்பார்கள். அதற்கு நான் வழி பண்ண மாட்டேன். நீ பிழைத்துப் போ.

வீட்டுக்கு வர மாட்டேன். என் மேஜைக்கு எதிரில் இருந்த உன் மேஜையையும் விற்றுவிட்டேன். இனிமேல் எனக்கு எழுதாதே. இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் புதுப் புத்தகத்தைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டும், பழைய புத்தகத்தை மையத்தில் வாங்கிக்கொண்டார்கள் என்று எனக்குக் கார்டு போட்டிருந்தாள். புருஷனே எழுதிக் கொடுத்திருக்கிறான். புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துக் காட்டினாள். 'விளக்கு எரியவில்லை என்றால் உன்னையே திட்டிக்கொள்ளாதே. ஒயரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார். தப்பு எங்கேயோ ஓர் இடத்தில்தான் இருக்கும், நீ முழுசும் தப்பாக இருக்க மாட்டாய்.' படித்துவிட்டு அந்த வரியை விரலால் தடவினாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாட்களில் இதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

மாடி வகுப்பில் ஒரு பெண் முதல் நாளே அழுதுகொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு நான் எழுதிய வரி அது.

'படத்துல நீங்க தப்பு பண்ணிட்டீங்க, அதை நான் மனசுல வச்சுக்கலக்கா' என்றாள். 'ஆனா எழுத்து இருக்கு பாருங்க, பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரியே இருக்கு. ஒரு பொம்பளை மனசு தெரிஞ்சு எழுதியிருக்காரு உங்க தம்பி. அவரைப் பாத்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க.'

சொல்லிவிட்டேன்.